மைலேஜ் சொல்லாத கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். கார் வாங்கப் போகிறவர் ஷோரூமில் முதலில் கேட்பது, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்றுதான். பர்ஸுக்கு அது சரியான கேள்வி. புகைக்கு அது போதாது. பெட்ரோல் லிட்டரும் டீசல் லிட்டரும் ஒன்றல்ல. டீசல் கனமானது, அதில் கார்பன் அதிகம். எத்தனால் கலக்காத ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். டீசலுக்கு 2.7 கிலோ. ஒரு கிலோகூட இல்லாத எரிபொருளிலிருந்து இரண்டரை கிலோ வாயு எப்படி என்று தோன்றும். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் சேர்வதால்தான் அந்த எடை.

ஹூண்டாய் கிரெட்டாவையே எடுத்துக்கொள்வோம். 2024-ல் வந்த 1.5 லிட்டர் மேனுவல் கியர் வண்டிக்கு, வாகனங்களைச் சோதிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. அமைப்பின் சோதனை மைலேஜ் பெட்ரோலில் 17.4, டீசலில் 21.8. டீசல் 25 சதவீதம் கூடுதலாக ஓடுகிறது. ஆனால் கிலோமீட்டருக்கு வரும் கார்பன் டை ஆக்சைடைக் கணக்கிட்டால் பெட்ரோல் 133 கிராம், டீசல் 123 கிராம். அந்த 25 சதவீத லாபம் இங்கே ஏழெட்டு சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது.

மாருதி கிராண்ட் விட்டாராவில் சாதாரண பெட்ரோல் மேனுவல் 21.11 கொடுக்கிறது, கிலோமீட்டருக்கு 109 கிராம். பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் அதே வண்டியின் ஸ்ட்ராங் ஹைபிரிட் 27.97, 83 கிராம். எல்லாம் சோதனைக்கூட எண்கள், சாலையில் மைலேஜ் எல்லாவற்றிலும் குறையும். ஊருக்குள் சாதாரண வண்டியில் பிரேக் மிதிக்கும்போது ஓட்டம் முழுக்க வெப்பமாகி வீணாகிறது. ஹைபிரிடில் மோட்டார் அதில் ஒரு பகுதியை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கிறது. சிக்னலில் எஞ்சின் அணைந்து கிடக்கிறது. கத்திப்பாரா நெரிசலில் இந்த லாபம் நன்றாகத் தெரியும். திருச்சி நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போனால் பிரேக்கே இல்லை, லாபமும் இளைத்துவிடும்.

மூச்சைப் பாதிக்கும் நைட்ரஜன் ஆக்சைடு தனிக் கணக்கு. பி.எஸ். 4 என்ற பழைய புகை விதியில் டீசல் கார் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் வரை விடலாம். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6-ல் அது 80, பெட்ரோலுக்கு 60. பழைய டீசலையும் புதிய டீசலையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.

ஆனால் புதிய டீசலைக் குறுந்தூர ஓட்டம் கெடுக்கும். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி, சேர்ந்த கரியை அவ்வப்போது 600 டிகிரி அளவு சூட்டில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அந்தச் சூட்டுக்காக எஞ்சின் கூடுதல் டீசலைத் தெளிக்கும். தினமும் நாலு கிலோமீட்டர் போய் அணைத்தால் அந்த வேலை பாதியில் நிற்கும். எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஏறியிருந்து, தண்ணீராய் ஒழுகி, டீசல் வாடை அடித்தால் உடனே ஆயில் மாற்ற வேண்டும். டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் அணைக்காமல், 60-க்கு மேல் வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டுங்கள்.

பல ஹைபிரிட் வண்டிகளில் பின் சீட்டுக்குப் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்று போகும் ஜன்னல் உண்டு. அதன்மேல் பையோ துண்டோ போட்டால், வடிகட்டியில் தூசி அடைத்தால், பேட்டரி சூடேறும். மோட்டார் கைகொடுப்பது குறையும், மைலேஜும் இறங்கும். சர்வீஸின்போது அந்த வடிகட்டியைக் கழற்றித் தட்டச் சொல்லுங்கள்.

மைலேஜை டிஸ்ப்ளேவை நம்பிச் சொல்ல வேண்டாம். டேங்கை நிரப்பி, பம்பு தானாக நிற்கும் முதல் கட் ஆஃபிலேயே நிறுத்துங்கள். 300 கிலோமீட்டராவது ஓட்டியபின் அதே பங்கில், அதே பம்பில், மறுபடி முதல் கட் ஆஃப் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். வந்த எண்ணால், ஒரு லிட்டருக்கு வரும் கிராம் கணக்கை, அதாவது பெட்ரோல், ஹைபிரிட் என்றால் 2,310-ஐயும், டீசல் என்றால் 2,680-ஐயும் வகுத்தால், உங்கள் வண்டி கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் விடுகிறது என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.