கொத்துக் கடையிலிருந்து குசினிக்கு: ஒரு தம்பியின் சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளம், அப்படியே வாசிக்கிறேன். "அக்கா, நான் மாத்தளை. வவுனியாவுக்குப் படிக்க வந்து மூன்று மாதம் ஆகிறது. உங்கள் பழைய வீடியோ எல்லாம் கடைச் சாப்பாடு, இப்போது எல்லாம் வீட்டுச் சமையல். ஏன் மாறினீர்கள்? நானும் அறையில் சமைத்துப் பார்க்கிறேன். கொத்து கடையில் மாதிரி வருவதே இல்லை. குளத்து மீன் வாங்கினால் சேற்று மணம். சமைத்துச் சாப்பிட்டால் உண்மையாகவே காசு மிச்சம் பிடிக்கலாமா? ரைஸ் குக்கரில் பிட்டு அவிக்கலாமா?"

தம்பி, ஒரு கேள்வி என்று சொல்லி ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை.

நான் கிளிநொச்சியில் வட்டக்கச்சிப் பக்கம். அப்பா இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். வீட்டில் இருந்தவரைக்கும் நான் குசினிக்குள் போனது பிளேன்ரீ ஊற்ற மட்டும்தான். கம்பஸ் கிடைத்து வவுனியாவுக்கு வந்ததும் கையில் காசு, கேட்க ஆள் இல்லை. வவுனியா சாப்பாட்டுக்கு நல்ல ஊர் என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். காலையில் சைவக் கடையில் தோசையும் சம்பலும், வெள்ளிக்கிழமை மத்தியானம் முஸ்லிம் கடையில் புரியாணி, சிங்களக் கடையில் கிரிபத் என்கிற பாற்சோறும் லுணுமிரிஸ் என்கிற மிளகாய்ச் சம்பலும், இரவானால் தெரு முழுக்க, ரொட்டியை இரும்புத் தட்டில் போட்டுக் கொத்துகிற கொத்துச் சத்தம். ஒரே ஊருக்குள் மூன்று விதமான கை. பொலொஸ் கறியை நான் முதன்முதல் சாப்பிட்டது இங்கேதான். இறைச்சி என்று நினைத்துப் பாதி சாப்பிட்ட பிறகுதான் பிஞ்சுப் பலாக்காய் என்று தெரிந்தது.

ரோல்ஸ் தட்டு என்று ஒன்று இருக்கிறதே, கேட்காமலே கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள், எடுத்ததை எண்ணிக் காசு வாங்குவார்கள். அப்பாவோடு போனால் அவர் உட்கார்ந்த உடனே அந்தத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். ஏன் தள்ளுகிறார் என்று சின்ன வயதில் கோபம் வரும். சிநேகிதிகளோடு தனியாகப் போன முதல் நாள் பில்லைப் பார்த்தபோது காரணம் விளங்கியது.

அந்தக் காலத்தில் கம்பஸ் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற மகாபொல உதவித்தொகை மாதம் 5,000 ரூபா. ஒரு கோழிக் கொத்து 800 என்று வைத்துப் பாருங்கள். ஆறு கொத்து, கொஞ்சம் சில்லறை. மாதம் முடிந்துவிட்டது.

அப்புறம் வயிறு. ஒரு நாள் மத்தியானம் சோற்றுப் பார்சல் வாங்கினேன். பாதி சாப்பிட்டு, மீதியை அந்த லஞ்ச் சீற்றிலேயே சுற்றி மேசையில் வைத்துவிட்டு விரிவுரைக்குப் போனேன். இரவு எட்டு மணிக்கு வந்து அதைச் சாப்பிட்டேன். விடியும்வரை வாந்தி. இரண்டு நாள் அந்தக் கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். உண்மையில் குற்றம் என்னுடையது. சோற்றில் ஒரு வகைப் பக்டீரியாவின் வித்துக்கள் இருக்கும், கொதித்தாலும் சாகாது. நம்முடைய வெக்கையில் ஏழெட்டு மணித்தியாலம் வெளியே கிடந்தால் அது பெருகி நஞ்சை விட்டுவிடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. குளிர்சாதனப்பெட்டி இல்லாத அறையில் இருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன், மத்தியானச் சோறு மத்தியானத்தோடு சரி.

ஆனால் இதற்கெல்லாம் நான் திருந்தவில்லை. நல்லாகிய மூன்றாம் நாளே கொத்துக் கடையில் நின்றேன். மாற்றியது 2022. அந்த வருடம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கடைகள் பாதி பூட்டு, திறந்த கடையில் விலையைக் கேட்கவே பயம். எங்கள் வீட்டுக்கார அன்ரி மாமரத்துக்குக் கீழே மண் அடுப்பு வைத்து விறகு மூட்டினார். நானும் அறைச் சிநேகிதிகள் இரண்டு பேரும் ரைஸ் குக்கரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். "பிள்ளையள், பசியோடு படுக்கிறதோ? ஒருத்தி வந்து தேங்காய் திருவு, ஒருத்தி வெங்காயம் உரி" என்று கூப்பிட்டார். அன்றைக்குத் திருவலையில் கையைக் கீறிக்கொண்டு உட்கார்ந்தவள்தான், இன்னும் எழும்பவில்லை.

அன்ரி முதலில் பழக்கியது சொதி. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சொதி ஒரு சமையலா என்று நினைத்தேன். ஆனால் சொதி வைக்கத் தெரிந்தால் தேங்காய்ப்பாலைக் கையாளத் தெரியும், தேங்காய்ப்பாலைக் கையாளத் தெரிந்தால் எங்கள் ஊர்க் கறியில் பாதி வந்துவிட்டது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உப்பு. இதெல்லாம் இரண்டாம் பாலில் அவிய வேண்டும். வெங்காயம் அவிந்த பிறகுதான் முதற்பால். முதற்பால் விட்டதும் கரண்டியை எடுக்காமல் துழாவிக்கொண்டே இருந்து, ஓரத்தில் நுரை கட்டி வரும்போது இறக்கிவிட வேண்டும். விட்டுவிட்டுப் போனைப் பார்த்தால் பால் திரைந்துவிடும். தேசிக்காய்ப் புளி இறக்கின பிறகுதான், அதுவும் சூடு கொஞ்சம் ஆறியபிறகு. நான் முதல் தடவை அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தேன். சொதிக்குப் பதிலாகத் தண்ணீரில் மிதக்கும் வெள்ளைத் துணுக்குகள் கிடைத்தன. மூன்று பேரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டோம்.

இனிக் கொத்து. தம்பி, நீங்கள் விடுகிற பிழை நானும் விட்டதுதான். கடையில் ருசித்ததை அறையில் திரும்பச் செய்து பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். அதில் தொடங்கினால் சமையலே வெறுத்துப்போகும். கடையில் இருப்பது கனமான இரும்புத் தட்டு. அதில் ஒரு கிலோ சாமானைக் கொட்டினாலும் சூடு இறங்காது. கோவாவும் லீக்ஸும் போட்ட உடனே அதன் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். ரொட்டி மாவை எண்ணெயில் மணிக்கணக்காக ஊறவைத்து, வீசி இழுத்து, மெல்லியதாகச் சுட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். அது ஆறி, கொஞ்சம் உலர்ந்து, வெட்டினால் துண்டாக நிற்கும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? சின்னத் தாச்சி, சின்ன நெருப்பு, அதற்குள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறீர்கள். கோவா விடுகிற தண்ணீரிலேயே ரொட்டி அவிந்து களியாகிவிடும். உங்கள் கையில் பிழை இல்லை, அடுப்பும் தாச்சியும் அவ்வளவுதான்.

கொத்து கட்டாயம் வேண்டும் என்றால் இடியப்பக் கொத்து செய்யுங்கள். காலையில் வாங்கிய இடியப்பத்தை உதிர்த்துத் தட்டில் பரப்பிக் கொஞ்சம் காயவிடுங்கள். மரக்கறியை முதலில் தனியாக வதக்கி எடுத்து வைக்க வேண்டும். அதே தாச்சியில் முட்டையைப் பொரித்து உடைத்து, அப்புறம் இடியப்பம், அப்புறம் மரக்கறி. கறிக்குழம்பைக் கடைசியில், அகப்பையால் அல்ல, தேக்கரண்டியால் விடுங்கள். ஒரு தடவையில் ஒரு ஆளுக்கு மட்டும் செய்யுங்கள். மூன்று பேருக்கும் சேர்த்துப் போட்டால் திரும்பவும் களிதான். பழைய ரொட்டிக் கொத்து ஆசை வந்தால் நான் இன்றைக்கும் கடைக்குத்தான் போகிறேன், குருமன்காட்டுப் பக்கம் நடந்தே போவேன். மாதத்தில் ஒரு தடவை, பசியோடு போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருவேன். கடைச் சாப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. கடையில் கிடைப்பதைக் கடையில் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

மீன் கேள்விக்கு வருவோம், இது எனக்குப் பிடித்த விஷயம். குளத்து மீன் என்றால் இங்கே பெரும்பாலும் யப்பான் மீன், அதாவது திலாப்பியா. பெயர் யப்பான், ஆனால் பூர்வீகம் ஆபிரிக்கா. 1952 இல்தான் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு வன்னியில் அது இல்லாத குளம் இல்லை என்று சொல்லலாம். விராலும் கெழுத்தியும் கிடைத்தால் அதிர்ஷ்டம், விலையும் கூட. யப்பான் மலிவு, முள் பெரிது, புதிதாகச் சமைக்கிறவர்களுக்கு நல்ல மீன்.

அந்தச் சேற்று மணத்துக்கு உண்மையில் சேறு காரணம் இல்லை. குளத்துத் தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்று ஒரு பொருளை உண்டாக்கும். மழை பெய்ததும் மண் மணக்குமே, அந்த மணமும் இதுதான். மீன் அதை உடம்பில் சேர்த்து வைக்கும், தோலிலும் கொழுப்பிலும் கூடுதலாக இருக்கும். புளிப்பு பட்டால் அது சிதைந்துவிடும். எங்கள் அம்மம்மாவுக்கு ஜியோஸ்மின் தெரியாது, ஆனால் குளத்து மீனுக்குப் பழப்புளி போட்டுக் கழுவாமல் சட்டியில் வைக்க விடமாட்டார். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். செதில் எடுத்து, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வை நகத்தால் சுரண்டி எடுங்கள், அதை விட்டால் கசக்கும். உப்பும் பழப்புளியும் பிசைந்து ஒரு கால் மணித்தியாலம் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள். மணம் கூடுதலாக இருந்தால் தோலையே உரித்துவிடலாம். அப்புறம் குழம்பும் புளிக்குழம்பாகவே வையுங்கள், பால் கூடுதலாக விட்டு வெள்ளைக் கறி வைக்க இது மீன் இல்லை. பூண்டு, வெந்தயம் தாராளமாக, வீட்டில் வறுத்து இடித்த கறித்தூள். எங்கள் அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு போத்தல் கட்டித் தருவார். மாத்தளையில் இருந்து உங்கள் அம்மா தருகிற தூளும் நன்றாகத்தான் இருக்கும், சரக்குக்குப் பெயர்போன ஊர் அல்லவா. நிறமும் காரமும் வேறாக இருக்கும், அது பரவாயில்லை.

காசு மிச்சமா? ஒருவருக்கு மட்டும் சமைத்தால் மிச்சம் இல்லை. நேராகச் சொல்கிறேன். எனக்கு முதல் மாதம் கடைச் சாப்பாட்டைவிடக் கூடத்தான் செலவானது. தூள், எண்ணெய், சட்டி, அகப்பை என்று எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். ஒரு தேங்காய் உடைத்தால் ஒரு ஆளுக்குப் பாதிகூட முடியாது, மீதியைத் திருவி வைத்தால் பின்னேரம் புளித்துவிடும். தேங்காய் விற்கிற விலைக்கு அது வயிற்றெரிச்சல். மூன்று பேர் சேர்ந்தால் கணக்கு மாறும். எங்கள் ஊரில் அரிசியைச் சுண்டு என்கிற அளவால் அளப்பார்கள், நாலு சுண்டு ஒரு கொத்து. ஆம், அதுவும் கொத்துத்தான், இந்தக் கொத்து மலிவு. மூன்று பேருக்கு ஒரு வேளைக்கு இரண்டு சுண்டு தாராளமாகப் போதும். காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் வயல்காரர் வீட்டில் நேரே வாங்கினால் இன்னும் இறங்கும். நான் வீட்டில் இருந்து ஆட்டக்காரி குத்தரிசி கொண்டுவருவேன். சிவப்பரிசி, தண்ணீர் கூடக் குடிக்கும், வேகவும் நேரம் எடுக்கும், ஆனால் சாப்பிட்டால் நாலு மணிவரை பசிக்காது. பின்னேரம் ரோல்ஸ் வாங்குகிற காசு மிச்சமாவது அதில்தான். அப்படியும் பசித்தால் கச்சான். ஊருக்குப் போய்த் திரும்பும்போது முறிகண்டியில் பஸ் நிற்கும், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு இரண்டு பை கச்சான் வாங்காமல் நான் ஏறுவதில்லை.

ஆகவே தம்பி, அறையில் இன்னும் இரண்டு பேரைச் சேருங்கள். சமைக்கத் தெரியாதவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, பாத்திரம் கழுவத் தெரிந்தால் போதும். முதல் மாதம் சோறு, சொதி, ஒரு மீன் குழம்பு. வேறு ஒன்றும் தொடவேண்டாம்.

ரைஸ் குக்கர் பிட்டு. அவிக்கலாம். குக்கரோடு ஆவித்தட்டு வந்திருக்கும், அதில் ஈரத்துணி விரித்து மாவைக் கொட்டுங்கள். பிட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டியை அதற்குள் இறக்கப் பார்க்காதீர்கள், மூடி மூடாது. அடியில் தண்ணீர் தாராளமாக இருக்கவேண்டும், வற்றினால் குக்கர் தானாக நின்றுவிடும், பிட்டு பாதியில் நிற்கும். மா வறுத்த அரிசிமாவாக இருக்கட்டும், நல்ல சுடுதண்ணீர் விட்டுக் குழைத்து, வெறும் பேணியின் விளிம்பால் கொத்துங்கள். தேங்காய்ப்பூவைக் கஞ்சத்தனம் இல்லாமல் போடுங்கள்.

சரி, அடுத்த கேள்வி வல்லாரைச் சம்பல் ஏன் கசக்கிறது என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா.