கடிகாரத்தை வைத்துப் படியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். இறுதியாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் மருத்துவ மாணவர்களுக்காகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கோவை, பெருந்துறை, திருப்பூர், கரூர், நாமக்கல் என்று நம் பக்கத்து விடுதிகளில் இந்நேரம் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். மற்றவர்களும் கேட்கலாம். தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

நான் எடுத்துக்கொண்டது விஷ மருத்துவம். பாம்புக்கடி, பூச்சிமருந்து, செடி விஷம் என்று மூன்று. மூன்றுக்கும் நேரம் இருக்கிறதா, போகப் போகப் பார்ப்போம்.

மாணவர்கள் மருந்தின் அளவை உருப்போடுகிறார்கள். போடட்டும், வேண்டியதுதான். ஆனால் அளவு மறந்துபோனால் அவசர சிகிச்சைப் பிரிவுச் சுவரிலேயே அட்டவணை ஒட்டியிருக்கும், பார்த்துக்கொள்ளலாம். நேரக் கணக்கு அப்படியல்ல. 20 நிமிடம், ஒரு மணி, 6 மணி, 5 நிமிடம், 4 நாள் என்று விஷத்துக்கு விஷம் ஒரு கெடு இருக்கிறது. அந்தக் கெடு என்ன, அது ஏன் என்று சொல்லத் தெரிந்துவிட்டால் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அடுத்த வருஷம் ஹவுஸ் சர்ஜனாக ராத்திரி டியூட்டி பார்க்கும்போதும் இதே கணக்குதான் கைகொடுக்கும்.

பாம்புக்கடிக்கு வருவோம். ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்ததும் மஞ்சள் காட்டுக்குத் தண்ணி கட்டப் போகிறவர்கள், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மட்டைக் குவியலில் கை விடுகிறவர்கள், சோளத்தட்டுப் போரில் தட்டு உருவுகிறவர்கள், இவர்கள்தான் நம் நோயாளிகள். கடித்தது என்னவென்று கேட்டால் "என்னமோ பூச்சி தொட்டிருச்சுங்க" என்பார்கள். ராத்திரியில் பாம்பைப் பேர் சொல்ல மாட்டார்கள். பூச்சி என்றதும் கேஸ் ஷீட்டில் பூச்சிக்கடி என்று எழுதிவிடாதீர்கள்.

பாம்பை அடித்துக் கொண்டு வந்தார்களா என்று கேட்டு நிற்கவும் வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்குக்கும் ஒரே முறிமருந்துதான் நம் நாட்டில். எந்தப் பாம்பு என்பதை நோயாளியின் ரத்தமும் கண்ணிமையும் சொல்லும்.

ரத்தம் எப்படிச் சொல்லும்? இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. செலவு ஒன்றுமில்லை. ஆனால் நிறைய இடங்களில் தப்பாகச் செய்வதும் இதைத்தான்.

புதிய, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாய் ஒன்று. அதில் சிரையிலிருந்து அப்போதே எடுத்த ரத்தம் 2 மில்லி. ஸ்டாண்டில் வைத்து 20 நிமிடம் தொடாமல் விட வேண்டும். கடிகாரம் பார்த்து 20 நிமிடம் ஆனதும் ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். கட்டியாக நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீராக ஓடினால் ரத்தத்தை உறைய வைக்கும் புரதமான ஃபைப்ரினோஜன் தீர்ந்துவிட்டது, உடம்பில் விரியன் விஷம் வேலை செய்கிறது. நம் நாட்டில் ரத்தம் உறையாமல் ஓடினாலே நாகமும் கட்டுவிரியனும் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

ஏன் கண்ணாடி? கண்ணாடிச் சுவரில் பட்டதும்தான் 12ஆம் உறைவுக் காரணி விழித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்கில் அது நடக்காது. இன்றைக்கு வார்டில் கைக்குக் கிடைப்பதெல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய். அதில் வைத்தால் நல்ல ரத்தமும் உறையாது, விஷமே ஏறாத ஆளுக்கு முறிமருந்து ஏறிவிடும். பழைய கண்ணாடிக் குழாயைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவி வைத்திருந்தாலும் இதே கதைதான். சோப்புப் படலம் அந்தக் காரணியைத் தடுத்துவிடும். அடுத்தது, பொறுமையில்லாமல் 5 நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்து ஆட்டிப் பார்ப்பது. பாதி உருவான கட்டி உடைந்துபோகும். சந்தேகமாக இருந்தால் கூட வந்தவரிடம் 2 மில்லி வாங்கி, அதே மாதிரிக் குழாயில் பக்கத்தில் வையுங்கள். அதுவும் உறையவில்லை என்றால் கோளாறு குழாயில்.

மறுபடியும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: புதிய கண்ணாடி, 2 மில்லி, ஆட்டாமல் 20 நிமிடம், ஒரு தரம் சாய்ப்பு.

முதல் சோதனை நன்றாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பலாமா? கூடாது. முதல் 3 மணி நேரம் மணிக்கு ஒரு தரமும், பிறகு 24 மணி நேரம் வரை 6 மணிக்கு ஒரு தரமும் செய்து பார்க்கச் சொல்கிறது நம் நாட்டு வழிகாட்டி. விஷம் கடிவாயிலிருந்து மெதுவாக ஏறும்.

ரத்தம் உறையவில்லை, முறிமருந்து, அதாவது ஏ.எஸ்.வி., தொடங்குகிறீர்கள். 10 குப்பி, சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில். ஏன் 10? கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் அளவில் விஷத்தை இறக்குகிறது. ஒரு மில்லி மருந்து அந்த விஷத்தில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். 10 மில்லி குப்பி 6 மில்லிகிராமை முறிக்கும். 10 குப்பிக்கு 60. கணக்கு அவ்வளவுதான். குழந்தைக்கு எத்தனை குப்பி? இது ஆண்டுதோறும் கேட்கிற கேள்வி. அதே 10. குழந்தை என்று பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை. கர்ப்பிணிக்கும் அதே 10.

பொடியில் தண்ணீர் விட்டதும் குப்பியைக் குலுக்காதீர்கள். உள்ளங்கையில் வைத்து உருட்டுங்கள். குலுக்கினால் நுரைத்துவிடும். தோலில் சோதனை ஊசி போட்டுப் பார்க்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள், அதனால் ஒவ்வாமை வருமா வராதா என்று தெரியாது, நேரம்தான் போகும். மருந்தைத் தொடங்குமுன் அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்து வையுங்கள். ஆயிரத்துக்கு ஒன்று செறிவில் அரை மில்லி, தொடைத் தசையில். முதல் கால் மணி நேரம் கட்டிலை விட்டு நகராதீர்கள். தடிப்பு, அரிப்பு, இருமல், வாந்தி எது வந்தாலும் சொட்டை நிறுத்தி அட்ரினலின். அடங்கியதும் மெதுவாக மறுபடி தொடங்க வேண்டும். ஒவ்வாமை வந்துவிட்டது என்று ஏ.எஸ்.வி.யையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதற்குள் விஷம் சிறுநீரகத்தை எடுத்துவிடும்.

10 குப்பியும் ஏறிவிட்டது. அடுத்த உறைவுச் சோதனை எப்போது? 6 மணி நேரம் கழித்து. 2 மணி நேரத்தில் ஏன் பார்க்கக் கூடாது? விஷம் முறிந்திருந்தாலும் தீர்ந்துபோன ஃபைப்ரினோஜனைக் கல்லீரல் மறுபடி உண்டாக்க ஏறக்குறைய 6 மணி நேரம் பிடிக்கும். 2 மணிக்குப் பார்த்தால் ரத்தம் ஓடத்தான் செய்யும். பயந்துபோய் இன்னும் 10 குப்பியை ஏற்றுவீர்கள். அந்த 10 குப்பி யாருக்கோ வேண்டியிருந்திருக்கும். 6 மணிக்கும் உறையவில்லை என்றால்தான் அடுத்த சுற்று. ரத்தத்தைக் கெடுக்கிற விஷத்துக்கு மொத்தம் 30 குப்பிக்கு மேல் போகும் தேவை பெரும்பாலும் வராது. இந்த 6 மணிக்கான காரணத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

ஒன்று, மலைப்பக்கம் போகிறவர்களுக்கு. வால்பாறை, ஆனைமலைப் பக்கத்தில் மூக்குத் தூக்கிய சின்னக் குழிவிரியன் இருக்கிறது, ஹம்ப் நோஸ்டு பிட் வைப்பர். அதன் கடியும் ரத்தத்தை உறைய விடாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். நம் ஏ.எஸ்.வி. அதற்குக் கேட்காது. குப்பி குப்பியாக ஏற்றியும் ரத்தம் உறையவில்லை என்றால் ஆள் எந்த ஊர் என்று விசாரியுங்கள்.

இனி கண்ணிமை. விடியற்காலை 4 மணி, 5 மணிக்கு ஒருவர் வருகிறார். பாயை விரித்துத் தரையில் படுத்திருந்தவர். "வவுறு வலிக்குதுங்க, வாந்தி வர்ற மாதிரி இருக்குதுங்க" என்கிறார். கடிவாய் இல்லை, வீக்கம் இல்லை. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் ஊசி போட்டு அனுப்பத் தோன்றும். அனுப்பாதீர்கள். கட்டுவிரியன் ராத்திரியில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். கடித்த தடமே பல பேருக்குத் தெரியாது. தலையைத் தூக்காமல் கூரையைப் பார்க்கச் சொல்லி ஒரு நிமிடம் இமையைக் கவனியுங்கள். மெல்லச் சரிந்து இறங்கும். சில பேர் இமை தூக்க முடியாமல் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, தாடையை உயர்த்தி உங்களைப் பார்ப்பார்கள். பிறகு ஒரே மூச்சில் ஒன்று இரண்டு எண்ணச் சொல்லுங்கள். எத்தனை வரை வந்தார் என்று எழுதி வையுங்கள். அரை மணி கழித்து எண்ணிக்கை குறைந்தால் சுவாசக் கருவியைத் தயார்ப்படுத்த வேண்டும்.

நாகமும் நரம்பைத்தான் பிடிக்கும், ஆனால் நரம்பு தசையோடு சேரும் இடத்தில், தசைப்பக்க ஏற்பியில். அதனால் நியோஸ்டிக்மின் என்ற மருந்துக்குக் கேட்கும். அட்ரோபின் 0.6 மில்லிகிராம் சிரையில், பிறகு நியோஸ்டிக்மின் 1.5 மில்லிகிராம் தசையில், ஒரு மணி நேரம் இமையைக் கவனிப்பது. கட்டுவிரியன் விஷம் நரம்பின் முனையையே அழித்துவிடுவதால் பெரும்பாலும் கேட்காது. நரம்பு விஷத்துக்கு 10 குப்பி, ஒரு மணி கழித்தும் மோசமாகப் போனால் இன்னும் 10, அத்துடன் நிறுத்துங்கள். அதற்கு மேல் காப்பாற்றுவது வென்டிலேட்டர்தான், நாள்கணக்கில். கட்டுவிரியன் கடித்தவர் கண் பாவை விரிந்து, கை கால் அசையாமல், மூளைச்சாவு வந்தவர் மாதிரியே கிடப்பார். உள்ளே நினைவு இருக்கும். நீங்கள் பேசுவதெல்லாம் கேட்கும். வென்டிலேட்டரை எடுக்கலாமா என்று கட்டில் பக்கத்தில் நின்று பேசாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் குச்சி வைத்துத் துணியால் தளரக் கட்டி, 108ஐக் கூப்பிடுங்கள். மாணவர்களே, கயிறு கட்டி வந்தால் பார்த்ததும் அவிழ்த்துவிடாதீர்கள். சிரை ஊசி போட்டு, மருந்தும் மூச்சுக் கருவியும் பக்கத்தில் வந்த பிறகு அவிழ்க்க வேண்டும்.

பாம்பிலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. பூச்சிமருந்துக்குப் போவோம். ஆர்கனோபாஸ்பேட் வகை. எச்சில், கண்ணீர், வியர்வை, பேதி, குண்டூசி முனை போலச் சுருங்கிய கண் பாவை, நெஞ்சு முழுக்கக் கரகரப்பு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கெடு 5 நிமிடம். அட்ரோபின் ஆம்பூல் ஒன்று 0.6 மில்லிகிராம். 3 ஆம்பூலில் தொடங்குங்கள். 5 நிமிடம் கழித்து நெஞ்சைக் கேளுங்கள். தெளியவில்லையா, 6. பிறகு 12. பிறகு 24. கால் மணி நேரத்தில் 45 ஆம்பூல், 27 மில்லிகிராம். புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் கை நடுங்கும். ஆனால் ஆம்பூல் ஆம்பூலாகச் சொட்டுப் போட்டால் நோயாளி தன் சளியிலேயே மூழ்கிவிடுவார்.

எப்போது நிறுத்துவது? நெஞ்சு தெளிய வேண்டும், நாடி 80க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 80க்கு மேல், அக்குள் காய்ந்திருக்க வேண்டும், பாவை குண்டூசியாக இருக்கக் கூடாது. முக்கியம் நெஞ்சு. நாடி 120 ஓடுகிறது, அட்ரோபின் போடலாமா என்று கேட்பார்கள். நெஞ்சு கரகரத்தால் போடுங்கள். தெளிந்ததும் அதுவரை போட்ட மொத்தத்தில் பத்திலிருந்து இருபது சதவீதம் ஒரு மணி நேரத்துக்கு என்ற கணக்கில் தொடர்ந்து சொட்டாகக் கொடுங்கள். காய்ச்சல், பிதற்றல், குடல் சத்தம் இல்லாமை, இவை அதிகமாகிவிட்டதற்கு அடையாளம். சட்டையைக் கழற்றுங்கள், தலைமுடியைச் சோப்புப் போட்டு அலசுங்கள், கையுறை போட்டுக்கொண்டு.

அடுத்த கெடு 24 முதல் 96 மணி நேரம். இரண்டாம் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், வார்டுக்கு மாற்றிவிடுவார்கள், ராத்திரி மூச்சு நிற்கும். இடைநிலை நோய்த்தொகுதி என்று படித்தீர்களே, அதுதான். அட்ரோபினுக்குக் கேட்காது, இது தசையோடு நரம்பு சேரும் இடத்துக் கோளாறு. தினமும் காலையும் மாலையும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியவில்லை என்றால் அவரை ஐ.சி.யு.வை விட்டு வெளியே விடாதீர்கள்.

இதைக் கேட்பவர்களில் மனம் கனத்துப் போனவர் யாராவது இருந்தால் 104 எண்ணுக்கு அழையுங்கள், எந்நேரமும் பேசுவார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். அரளியை விட்டுவிடுகிறேன், பொட்டாசியத்தையும் ஈ.சி.ஜி.யையும் நீங்களே படித்துக்கொள்ளுங்கள். கண்வலிக்கிழங்கை மட்டும் விட மாட்டேன். மூலனூர், தாராபுரம் பக்கம் ஏக்கர் கணக்கில் பந்தல் போட்டு வளர்க்கிற அதே செங்காந்தள்தான். விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்ற விஷம். வேறு கிழங்கு என்று நினைத்துத் தின்றுவிட்டு வருவார்கள். முதல் நாள் வாந்தி, பேதி. இரண்டாம் நாள் அது கொஞ்சம் அடங்கும், வீட்டுக்குப் போகிறோம் என்று நிற்பார்கள். எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்க முடியாமல் விழுவது அதற்குப் பிறகுதான். ஒரு வாரம் வரை தினமும் ரத்த அணுக்களை எண்ணுங்கள், வெள்ளையணு, தட்டணு இரண்டையும். இரண்டாம் வாரம் போல முடி கொட்டினால் பயப்பட வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள், தப்பிப் பிழைத்தவர்களுக்குத்தான் கொட்டும், மறுபடி முளைக்கும். வணக்கம்.