பூட்டிய கோயிலும் ஐம்பது லட்சம் டாலரும்

நேயர்களுக்கு வணக்கம்.

"சிவன் சொத்து குல நாசம்" என்பார் என் பாட்டி. கோயில் மரத்திலிருந்து உதிர்ந்த மாங்காயைக்கூட வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் பூட்டை உடைத்தவர்களுக்கு அப்படிப் பயமுறுத்த ஒரு பாட்டி வாய்க்கவில்லை போலிருக்கிறது.

ஸ்ரீபுரந்தான் சின்ன ஊர். அங்கே சோழர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று, பூசை நின்றுபோய்ப் பூட்டிக் கிடந்தது. 2006இல் திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். நாலடிக்குச் சற்று மேல் உயரமுள்ள நடராஜரும், கூடவே மற்றத் திருமேனிகளும் போயின. ஊருக்கு விஷயம் தெரிந்ததோ 2008இல்! அந்த இரண்டு வருடமும், சாமி உள்ளேதான் இருக்கிறார் என்று நம்பி, மூடிய கதவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனவர்கள் எத்தனை பேரோ. எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

சிலை போய்ச் சேர்ந்த இடம் நியூயார்க். வாங்கியவர் சுபாஷ் கபூர். மாடிசன் அவென்யூவில் கலைப்பொருள் கடை வைத்திருந்தவர், பெரிய அருங்காட்சியகங்களெல்லாம் மதித்த ஆள். 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அந்த நடராஜரை ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. இருட்டில் பூட்டை உடைத்தவன் கைக்கு அதில் எத்தனை சுழியம் வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு விலை வேண்டுமென்றால் சிலைக்கு ஒரு பூர்வீகம் காட்ட வேண்டும் அல்லவா? அதற்கும் காகிதம் தயாரானது. டெல்லியில் இருந்த சூடான் நாட்டுத் தூதரக அதிகாரியின் மனைவி 1970இல் வாங்கிய சிலையாம்! ஏன் 1970? தொல்பொருள்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கும் நமது சட்டம் 1972இல் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முந்தி ஒரு தேதி போட்டால் போதும். திருடுகிறவனைவிட இந்தக் காகிதம் எழுதுகிறவனிடம்தான் எனக்குக் கோபம் அதிகம்.

ஆனால் செப்புத் திருமேனி எப்படிச் செய்கிறார்கள் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். முதலில் மெழுகில் உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் களிமண் பூசிச் சுடுவார்கள். மெழுகு உருகி வழிந்ததும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள். அப்புறம் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அச்சு போனது போனதுதான். ஆகவே ஒரு நடராஜரைப் போல இன்னொருவர் இருக்க முடியாது. நடராஜரைச் சுற்றியுள்ள தீ வளையமான திருவாசியில் ஒரு தீச்சுடரின் வளைவு, விரிசடையின் ஒரு புரி, பீடத்தில் ஒரு பள்ளம், எல்லாம் கைரேகை மாதிரி. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994இல் அந்தக் கோயிலுக்குப் போய் அதே நடராஜரைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். 1970இல் டெல்லியில் விலைபோன சிலை 1994இல் ஸ்ரீபுரந்தானில் எப்படி நிற்கும்?

கபூர் 2011 அக்டோபரில் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார். 2012 ஜூலையில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவருடைய கிடங்குகளைச் சோதித்த அமெரிக்க அதிகாரிகள் 2,600க்கும் மேற்பட்ட பொருள்களைக் கைப்பற்றினார்கள். நூறு கோயிலைச் சுருட்டினாலும் நிறையாத மனசு! பக்கத்து ஊர் சுத்தமல்லியின் பெருமாள் கோயில் திருட்டு வழக்கில், 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அதற்குள் ஏற்கெனவே பத்து வருடத்துக்கு மேல் உள்ளேதான் இருந்தார்.

சரி, நடராஜர்? 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லியில் நேரில் ஒப்படைத்தார். அங்கிருந்து கும்பகோணம் நீதிமன்றத்துக்கு வந்தார் நடராஜர், வழக்குச் சொத்தாக. அப்புறம் சிலைப் பாதுகாப்பு மையம். உற்சவ மூர்த்திகளின் பீடத்தில் வளையமோ துளையோ இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கம்பு செருகி, கயிறு கட்டி, திருவாதிரையன்று தோளில் தூக்கி ஊரைச் சுற்றிவர வைத்தது அது. ஊரார் தோளில் வலம் வர வேண்டியவர், பூட்டிய கோயிலிலிருந்து புறப்பட்டுக் கண்டம் தாண்டிப் போய், திரும்பி வந்து சேர்ந்தது இன்னொரு பூட்டுக்குள்.

வணக்கம்.