கோடைக்கு ஒரு காட்டன் டாப், கழுத்தோரம் ஒரு செடி

[திரையில்: வெள்ளை மல் துணியில் பச்சையும் சிவப்புமாக ஒரு சிறு செடி. கை துணியைத் திருப்புகிறது.]

வணக்கம். போன சித்திரையில் நான் தைத்த டாப் இது. பூவைப் பிறகு பார்க்கலாம், முதலில் உள்பக்கத்தைப் பாருங்கள். ஒரு முடிச்சுகூட இருக்காது.

நான் எந்தப் பூவேலையைக் கொண்டுபோய்க் காட்டினாலும் எங்கள் ஆச்சி, "ஏட்டி, திருப்பிக் காட்டு" என்பார். சின்ன வயதில் எனக்குக் கோபம்தான் வரும். அப்புறம் ஒரு அக்னி நட்சத்திரத்தில், உள்ளே முடிச்சும் நூலுமாகத் தொங்கும் டாப் ஒன்றைப் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டை வெயிலில் நாள் முழுக்க அலைந்தேன். வியர்வையில் முடிச்சுகள் உரசி உரசி, சாயங்காலம் கழுத்துக்குக் கீழே வேர்க்குரு சிவந்து கிடந்தது. வெளியே பூவாகத் தெரிவது உள்ளே நம் தோலில்தான் படுத்திருக்கிறது. அதனால் இன்றைக்கு ஒவ்வொரு வேலையையும் உள்பக்கத்தை நினைத்துக்கொண்டே செய்யப் போகிறோம்.

துணி. திருநெல்வேலி டவுன் ரதவீதியில் ஏதாவது ஒரு ஜவுளிக்கடையில் மல் துணியோ மெல்லிய கைத்தறி காட்டனோ கேளுங்கள். 44 அங்குல அகலத்தில் 1.75 மீட்டர் போதும். பாலியஸ்டர் கலந்தது வேண்டாம், வியர்வையை அது உறிஞ்சாது. வீட்டுக்கு வந்ததும் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். புதுக் காட்டன் முதல் தண்ணீரில் சுருங்கும். அந்தச் சுருக்கம் வெட்டுவதற்கு முன்பே நடந்துவிட வேண்டும்.

[திரையில்: மேசையில் விரித்த துணி, சாக், டேப்.]

மார்பு 36, இடுப்பின் அகன்ற இடம் 40 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 27 அங்குல நீளத்தில் முன்பாகத்துக்கு ஒன்று, பின்பாகத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் நீளவாக்கில் நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். மார்பில் கால் பங்கு 9, தளர்வுக்கு ஒன்றரை, தையலுக்கு அரை, ஆக 11 அங்குலம். இடுப்பில் இதே கணக்குக்கு 12. கை தனியாக வேண்டாம், உடம்போடு சேர்ந்த குட்டைக் கைதான். மடிப்பிலிருந்து கை நுனி வரை 14, கைவாய் 7, தோளிலிருந்து 9 அங்குலம் கீழே அக்குள். தோள் சரிவு முக்கால் அங்குலம். கழுத்து அகலம் மடிப்பிலிருந்து 3, இறக்கம் முன்னால் 6, பின்னால் 3.

சுற்றளவில் மொத்தம் 6 அங்குலம் தளர்வு வருகிறதே, அதிகமில்லையா என்று கேட்பீர்கள். உடம்புக்கும் துணிக்கும் நடுவே காற்று ஓட இடம் வேண்டும். பிடித்துத் தைத்த காட்டன் மே மாதத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

இப்போது சாக்கால் வரைந்தால் போதும், முன்பாகத்தை வெட்ட வேண்டாம். பூவேலை முழுத்துணியில்தான் நடக்க வேண்டும். கழுத்தை வெட்டிவிட்டு, துணியை இறுக்கிப் பிடிக்கும் பூவேலை ரிங்கில் மாட்டினால் வளைவு இழுபட்டு அகன்றுவிடும், ஓரம் பிரியும். கழுத்துக் கோட்டிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி வேலையைத் தொடங்குங்கள்.

[திரையில்: தாளில் வரைந்த செடி.]

என்ன வரையலாம்? பூ தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. சேரன்மகாதேவி தாண்டிக் கல்லிடைக்குறிச்சி போகிற வழியில் வீரவநல்லூர் இருக்கிறது. அங்கே சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்யும் செடிபுட்டா சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தறியில் நெய்த புட்டாதான், அதாவது சின்னப் பூ உருதான், ஆனால் பார்த்தால் ஊசியால் போட்டது போலவே இருக்கும். அந்தச் செடியை அப்படியே நகல் எடுக்காதீர்கள், அது அவர்கள் தறியின் சொத்து. ஒரு காம்பு, ஆறு இலை, மூன்று பூ என்று நம் கைக்கு ஏற்ற ஒரு செடியை வரைந்துகொள்வோம். மூன்று அங்குல உயரம் போதும். நெஞ்சு முழுக்க நிரப்பினால் அந்த இடத்தில் காற்றே போகாது.

ஆறு இழை நூலைப் பிரித்து ஒரே ஒரு இழையை இரண்டு முழ நீளத்துக்கு எடுங்கள். அதை இரண்டாக மடித்து, வெட்டிய இரண்டு நுனிகளையும் ஊசியில் கோருங்கள். மறுமுனையில் ஒரு வளையம் இருக்கும். ஊசியை உள்ளிருந்து வெளியே எடுத்து, வளையத்தை உள்ளேயே விட்டுவிடுங்கள். சின்னதாக ஒரு தையல் போட்டுத் திரும்ப உள்ளே இறங்கும்போது ஊசியை அந்த வளையத்துக்குள் விட்டு இழுங்கள். நூல் பிடித்துக்கொண்டது, முடிச்சு தேவைப்படவில்லை. இதைப் பொறுமையாக இரண்டு மூன்று தடவை பழகுங்கள், இந்த வீடியோவில் முக்கியமானதே இதுதான். நூல் முடியும்போது உள்பக்கத்தில் நாலைந்து தையல்களுக்கு அடியில் ஊசியை நுழைத்து எடுத்து வெட்டிவிடுங்கள்.

காம்புக்குக் காம்புத் தையல். உள்பக்கம் ஒரு மெல்லிய கோடு மட்டுமே விழும். இதழுக்கும் இலைக்கும் லேசி டெய்சி. நூல் முழுக்க முன்பக்கம் வளையமாக நிற்கும், பின்னால் சின்னச் சின்னப் புள்ளிகள்தான். சாட்டின் தையல் பளபளவென்று அழகாக இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் முன்னால் எவ்வளவு நூலோ அவ்வளவும் பின்னாலும் படியும். அதை மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூலை உள்ளே இழுத்துக்கொண்டு போகாதீர்கள், மல் துணியில் நிழலாகத் தெரியும்.

சிவப்பு நூலை முதலில் ஈர வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். பார்க்காமல் தைத்து, முதல் துவைப்பிலேயே ஒரு டாப் முழுக்க ரோஸ் நிறமாகி என் அக்கா மகள் அழுதது இன்னும் நினைவிருக்கிறது. ராத்திரி வேலையை நிறுத்தும்போது ரிங்கைக் கழற்றிவிடுங்கள், தடம் பதியாது.

இந்த இடத்தில் இடையன்குடி ஞாபகம் வருகிறது. 1841-ல் பாதிரியாரும் தமிழறிஞருமான கால்டுவெல் அந்த ஊருக்கு வந்தார். 1844-ல் அவரை மணந்த எலைசா, அந்தத் தேரிக்காட்டுப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நெல்லைச் சீமையில் நூல் வேலை பெண்களுக்கு வருமானமாகவும் இருந்திருக்கிறது. இதைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை.

[திரையில்: தையல் மெஷின்.]

சரி, இப்போது வெட்டலாம். தோளையும் பக்கத்தையும் ஃபிரெஞ்ச் சீமில் தையுங்கள். நல்ல பக்கம் இரண்டும் வெளியே இருக்கும்படி வைத்துக் கால் அங்குலத்துக்கும் குறைவாக ஒரு தையல், பிசிறை ஒட்ட நறுக்கி, உள்ளே வெளியே திருப்பி இன்னொரு தையல். வெட்டிய ஓரம் முழுக்க உள்ளே அடங்கிவிடும். அக்குள் வளைவில் முதல் தையலுக்குப் பிறகு குறுக்கே சின்னச் சின்ன வெட்டுகள் கொடுத்தால்தான் இழுக்காமல் திரும்பும். கழுத்துக்குக் கிராஸ் பீஸ். மீதித் துணியில் 45 டிகிரி சாய்வாக ஒன்றேகால் அங்குலப் பட்டி வெட்டி வைத்து, உள்ளே மடித்துக் கையால் தையுங்கள். கைவாயையும் அடியையும் மடித்து அடித்தால் முடிந்தது.

இஸ்திரி போடும்போது தடித்த துண்டை விரித்து, பூவைக் குப்புற வைத்து உள்பக்கத்தில் தேயுங்கள். அப்போதுதான் இதழ் நசுங்காமல் எழும்பி நிற்கும்.

[திரையில்: முடிந்த டாப், முதலில் உள்பக்கம், பிறகு முன்பக்கம்.]