பிப்புக்குப் புரியாத சொற்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய ஆங்கில நாவல் ஒன்றைப் பாடத்துக்காகவோ ஆசைக்காகவோ எடுத்தவர்களுக்கு அந்த முதல் சில பக்கங்கள் நினைவிருக்கும். ஒரு வரி படிப்போம், அகராதியைப் புரட்டுவோம். அடுத்த வரி, மறுபடியும் அகராதி. மூன்றாம் அத்தியாயத்துக்குள் கதை கைவிட்டுப் போயிருக்கும். பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிய பொருள்கள் மட்டும்தான் மிச்சம்.

பல ஆண்டுகளாக மாணவர்களோடு உட்கார்ந்து இந்த நாவல்களைப் படித்து வருகிறேன். நான் பார்த்தவரை, தெரியாத சொல் யாரையும் பெரிதாகத் தடுக்கி விழ வைத்ததில்லை. விழ வைப்பது தெரிந்த சொல்தான். தெரிந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் சொல்.

சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலையே எடுத்துக்கொள்கிறேன். 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாரத் தொடராக வந்த கதை. இங்கிலாந்தின் கென்ட் பகுதி, ஆற்றோரச் சதுப்பு நிலம். தாய் தந்தை இல்லாத பிப் என்ற சிறுவன் அக்காவிடம் வளர்கிறான். அக்காள் கணவர் ஜோ, கொல்லர், நல்ல மனிதர். அக்காவோ கடுமையானவள்.

ஒரு நாள் இரவு தூரத்தில் பீரங்கி வெடிக்கிற சத்தம். கைதி தப்பிவிட்டான் என்கிறார் ஜோ. யார் சுடுகிறார்கள் என்று பிப் கேட்கிறான். அக்கா அதட்டுகிறாள். ஜோ என்ன செய்கிறார் தெரியுமா? சத்தம் வராமல், வாயை அகலமாகத் திறந்து ஒரு சொல்லை உதட்டாலேயே காட்டுகிறார். பிப்புக்கு அது ‘சல்க்ஸ்’ என்று தெரிகிறது. சல்க்ஸ் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது. சரி, அக்காவைத்தான் சொல்கிறார் போலிருக்கிறது என்று அவளைக் கை காட்டுகிறான். ஜோ பதறிப்போய் இல்லை இல்லை என்கிறார். கடைசியில் அக்காவே எரிச்சலோடு சொல்கிறாள்: ‘ஹல்க்ஸ்’. அவன் விடவில்லை. ஹல்க்ஸ் என்றால் என்ன? சிறைக் கப்பல்கள் என்று பதில் வருகிறது.

இந்தக் காட்சியை நான் நடத்தாத ஆண்டே இல்லை. ஏன் என்றால், கடினமான சொல்லை ஒரு மனிதன் எப்படிக் கற்கிறான் என்பது முழுவதும் இதில் இருக்கிறது. காதில் விழுகிறது, தப்பாக ஊகிக்கிறான், திருத்தப்படுகிறான், மறுபடி கேட்கிறான். பழைய கப்பல்களைக் கைதிகளை அடைக்கப் பயன்படுத்தும் வழக்கம் இங்கிலாந்தில் 1776-இல் தொடங்கி 1857-இல் நின்றுபோனது. அந்த விவரத்தை மாணவர்கள் மறந்துவிடலாம். சல்க்ஸ் என்று நினைத்து அக்காவைக் கை காட்டிய பையனை மறக்க மாட்டார்கள். அவனோடு சேர்ந்து ஹல்க்ஸும் நினைவில் தங்கிவிடும்.

இது தெரியாத சொல். இப்போது தெரிந்த சொல்லுக்கு வருகிறேன்.

பிப்பைத் தன் ‘கையால் வளர்த்ததாக’ அக்கா ஊரெல்லாம் பெருமை பேசுவாள். ஆங்கிலத்தில் ‘பை ஹேண்ட்’. இரண்டுமே முதல் வகுப்புச் சொற்கள். யாராவது அகராதியைத் தொடுவார்களா? தாய்ப்பால் இல்லாமல் கரண்டியாலோ புட்டியாலோ ஊட்டி வளர்ப்பது என்பதுதான் அன்றைக்கு அதன் பொருள். அப்படி வளர்ந்த குழந்தைகளில் ஏராளமானவை இறந்துபோன காலம் அது. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு பெருமை. பிப்புக்கு அது தெரியாது. அக்காவின் கை கனமான கை, அடிக்கிற கை. அந்தக் கை ஜோ மீதும் விழுகிறதே, ஆக நாங்கள் இருவருமே கையால் வளர்க்கப்பட்டவர்கள்தான் என்று முடிவு செய்துகொள்கிறான். நாமும் அவனைப் போலத்தான் படித்துவிட்டுப் போகிறோம்.

நமக்கு இது புதிதா? ‘கருப்பூரம் நாறுமோ’ என்று ஆண்டாள் கேட்டபோது அவள் கேட்டது நறுமணத்தை. இன்றைய பொருளை வைத்துக்கொண்டு அந்தப் பாசுரத்தைப் படித்தால் என்ன ஆகும்! ஆங்கிலத்திலும் அப்படித்தான். 1813-இல் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில், ஒரு பாதிரியார் தன்னை ஆதரிக்கும் சீமாட்டியின் ‘கான்டிசென்ஷன்’ பற்றி உருகிப் பேசுகிறார். இன்று அது வசைச் சொல்: மேட்டிமையோடு நடத்துவது. அவருக்கோ அது புகழ்ச்சி. பெரிய இடத்தில் இருப்பவர் இறங்கிவந்து பழகுவது.

டிக்கன்ஸின் தலைப்பையே பாருங்கள். எக்ஸ்பெக்டேஷன்ஸ் என்றால் எதிர்பார்ப்புகள் என்று யாரும் சொல்லிவிடுவோம். ஆனால் லண்டனிலிருந்து வழக்கறிஞர் ஜாகர்ஸ் வந்து இந்தப் பையனுக்கு அது இருக்கிறது என்று சொல்லும்போது, பின்னால் கைக்கு வரப்போகிற சொத்தைச் சொல்கிறார். இது புரியாவிட்டால் தலைப்பில் பணம் இருப்பதே தெரியாமல் முழு நாவலையும் முடித்துவிடலாம்.

இன்னொரு காட்சியும் உண்டு. பணக்கார வீட்டில், அங்கே வளரும் எஸ்டெல்லா என்ற சிறுமியோடு சீட்டு விளையாடும்போது, மேட்டுக்குடியினர் ‘நேவ்’ என்று சொல்லும் சீட்டை பிப் ‘ஜாக்’ என்கிறான். அவள் ஏளனம் செய்கிறாள். வீடு திரும்பும் வழியெல்லாம் தன் முரட்டுக் கைகளோடும் தடித்த பூட்ஸோடும் அந்த ஒரு சொல்லையும் சேர்த்து எண்ணி வெட்கப்படுகிறான். இதை விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது.

படிக்கும்போது சொற்களைக் குறித்து வைக்கும் குறிப்பேடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதாதீர்கள். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அகராதிக்கு முன்னால் உங்கள் ஊகத்தையும் பென்சிலால் எழுதுங்கள்; அது தப்பாக இருந்தால் அழிக்க வேண்டாம். அப்புறம், வாய்விட்டுப் படியுங்கள். தப்பிவந்த கைதி பிப்பிடம் கேட்கும் ‘விட்டில்ஸ்’ சாப்பாடுதான் என்பது, அச்சில் பார்ப்பதைவிடக் காதில் கேட்டால் சீக்கிரம் பிடிபடும்.

வணக்கம்.