அடுத்த கேபினட் கிராபிக்ஸ் கார்டைச் சுற்றித்தான் கட்டப்படும்

[காட்சி: மேசை மேல் நிற்கும் கேபினட். ஒரு கை பக்கக் கதவைக் கழற்றுகிறது.]

வணக்கம். கம்ப்யூட்டர் கேபினட்டின் கதவைக் கழற்றியாயிற்று. திரையில் தெரியும் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டின் முன்பக்க நுனியைக் கவனியுங்கள். பின்னால் ஸ்க்ரூ போட்ட இடத்தைவிட இந்த நுனி சில மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது, இல்லையா? அதற்கு அடியில் நான் முட்டுக் கொடுத்திருக்கும் நீல நிறப் பொருள், ஒரு பேனா மூடி.

எதிர்காலத்தில் கேபினட் எப்படி இருக்கும் என்று கேட்டால் பலரும் வளைந்த கண்ணாடியும் வண்ண விளக்குமாக வரைந்து காட்டுவார்கள். எனக்கு அதன் பதில் இந்தப் பேனா மூடியில்தான் தெரிகிறது.

[காட்சி: பழைய வெளிர்மஞ்சள் நிறப் பெட்டி. மதர்போர்டின் கோட்டுப்படம்.]

இன்று நாம் வாங்கும் கேபினட்டின் எலும்புக்கூடு 1995-ல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறை. எல்லாப் பாகங்களும் பொருந்தும் பெரிய பலகையான மதர்போர்டு 305-க்கு 244 மில்லிமீட்டர். ஸ்க்ரூ ஓட்டை எங்கே, பின்பக்கத் திறப்பு எங்கே, கார்டுகள் எங்கே என்று எல்லாம் அன்றே எழுதிவைத்தாயிற்று. அன்று மதர்போர்டில் கார்டு செருக இருந்த பிசிஐ ஸ்லாட்டில் செருகும் ஒரு கார்டு அதிகபட்சம் 25 வாட் எடுக்கலாம். ஆர்டிஎக்ஸ் 5090 என்ற கிராபிக்ஸ் கார்டுக்கு, அதைச் செய்யும் என்விடியா சொல்லும் அளவு 575 வாட். அதாவது 23 மடங்கு.

575 வாட் என்றால் ஏறக்குறைய நம் வீட்டு மிக்ஸி. மிக்ஸி சட்னியை அரைத்துவிட்டு இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். இந்தக் கார்டு மணிக்கணக்கில் ஓடும். எடுக்கிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டை இறக்கப் பெரிய ஹீட்சிங்க், அதாவது சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் தகடுகள், வேண்டும், ஹீட்சிங்க் பெரிதானால் எடை கூடும், எடை கூடினால் கார்டு தொங்கும். மதர்போர்டை நடுவில் வைத்து, கார்டைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் துணைப்பொருளாக நினைத்த அமைப்பு இது. இன்று கம்ப்யூட்டரிலேயே கனமானதும் சூடானதும் அந்தத் துணைப்பொருள்தான்.

இதை மாற்ற ஏற்கெனவே ஒருமுறை முயன்றார்கள். இன்டெலின் பென்டியம் 4 ப்ராசசர் சூட்டில் திணறிய காலத்தில், 2004-ல், இன்டெல் பிடிஎக்ஸ் என்ற புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. முன்பக்கம் நுழையும் காற்று நேராகப் ப்ராசசர் மேல் பாய்ந்து பின்னால் போகும். நல்ல யோசனை. ஆனால் 2006-ல் வந்த இன்டெலின் கோர் 2 ப்ராசசர்கள் குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடின. சூடு குறைந்ததும் புதிய பெட்டிக்கான தேவையும் போய்விட்டது. அதனால் கேபினட்டைப் பற்றி ஆரூடம் சொல்வதற்கு முன் வாட் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

[காட்சி: உள்ளங்கையில் மேக் மினி. பக்கத்தில் பெரிய டவர்.]

அந்தக் கணக்கு இப்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் ப்ராசசரும் கிராபிக்ஸும் ஒரே சிப்பில் சேர்கின்றன. ஆப்பிளின் சின்னக் கம்ப்யூட்டரான 2024 மேக் மினியின் ஒரு பக்கம் 12.7 சென்டிமீட்டர்தான். 2025-ல் வந்த ஃப்ரேம்வொர்க் டெஸ்க்டாப்பின் மொத்தக் கொள்ளளவு 4.5 லிட்டர், அதற்குள் 128 ஜிபி வரை ரேம். ஆனால் இரண்டிலும் ரேமை நாம் மாற்ற முடியாது. பிரித்துப் பழுதுபார்க்கலாம் என்பதையே கொள்கையாக வைத்திருக்கும் ஃப்ரேம்வொர்க் கூட, அந்தச் சிப்புக்குத் தேவையான வேகத்துக்காக ரேமை போர்டிலேயே பற்றவைக்க வேண்டியதாயிற்று. எனக்கு இது வருத்தம்தான். ஆனாலும் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பெரும்பாலும் இந்தச் சின்னப் பெட்டிதான் வரப்போகிறது என்று நினைக்கிறேன்.

மறுபக்கம் பெரிய கார்டு வைத்திருப்பவர்கள். இவர்களுடைய கேபினட் மாறியே ஆக வேண்டும். என் ஊகம், மதர்போர்டு 90 டிகிரி திரும்பும். பின்னால் கேபிள் செருகும் போர்ட்டுகள் மேலே போகும், கார்டு செங்குத்தாக நிற்கும். கேபினட் செய்யும் சில்வர்ஸ்டோன் நிறுவனம் தன் ரேவன் வரிசையில் பல வருடங்களுக்கு முன்பே இதைச் செய்து காட்டியது. ‘சூடான காற்று தானாக மேலே போகும், அதனால் நல்லது’ என்று பலரும் சொல்வார்கள். உள்ளே ஃபேன் சுற்றும்போது அந்த விசை மிகச் சின்னது. உண்மையான லாபம் எடையில்: கார்டு படுத்துத் தொங்காமல், பின்பக்க உலோகத் தகட்டைப் பிடித்துக்கொண்டு நேராக நிற்கிறது.

அப்புறம் கேபிள். அசூஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் மூன்றும் இணைப்புகளை மதர்போர்டின் முதுகுப்பக்கம் கொண்டுபோன போர்டுகளை விற்கின்றன. முன்னால் ஒயரே தெரியாது. அதற்கேற்ற ஓட்டைகள் கேபினட்டிலும் இருக்க வேண்டும். வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: தூசி படிந்த ஃபில்டரைக் கை உருவி எடுக்கிறது.]

நம் பக்கம் இன்னொரு விஷயமும் உண்டு. அறைச் சூட்டைவிட 40 டிகிரி கூடுதலாக ஓடும் சிப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏசி போட்ட 22 டிகிரி அறையில் அது 62. சென்னை மே மாதத்தில், 36 டிகிரி அறையில், அதே சிப் 76. அதோடு தூசி. ஃபில்டரைக் கழற்ற கேபினட்டைத் தூக்கிப் புரட்ட வேண்டியிருந்தால் யாரும் கழற்ற மாட்டார்கள். முன்பக்கம் முழுக்க வலை, ஒரே இழுப்பில் கையோடு வரும் ஃபில்டர். கண்ணாடிக்குக் கொடுக்கும் காசை நான் இதற்குக் கொடுப்பேன்.

சரி, பேனா மூடிக்குத் திரும்புவோம்.

[காட்சி: பழைய பெட்டியின் உள்பக்கம். முன்சுவரில் பள்ளம் வெட்டிய சிறு பிளாஸ்டிக் துண்டுகள்.]

இது ஐபிஎம் காலத்துப் பெட்டி. அன்று முழு நீளக் கார்டுகள் இருந்தன. அவற்றின் முன்நுனி இந்தப் பள்ளத்தில் வழுக்கி உட்காரும். இரண்டு முனையிலும் பிடிமானம், தொங்கவே தொங்காது. பிசிஐ காலத்திலும் முழு நீளக் கார்டுக்கு 312 மில்லிமீட்டர் என்று அளவு இருந்தது. பிறகு கார்டுகள் குட்டையாயின, வீட்டுக் கேபினட்டுகளில் இந்தத் துண்டு காணாமல் போனது. இப்போது கார்டுகள் மறுபடி 300 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டன. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு நீளம் வைக்கிறது, அதனால் எந்த இடத்தில் பள்ளம் வெட்டுவது என்று கேபினட் செய்பவருக்குத் தெரியாது.

கார்டு செய்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து முன்நுனிக்கு ஓர் இடத்தை முடிவு செய்தால், மீதியை இந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டு பார்த்துக்கொள்ளும்.