முன்னால் கட்டு, பின்னால் கழற்று

வணக்கம். கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிற ஒருத்தி நான். கலங்கள் எப்படி ஊர்ந்து நகர்கின்றன என்ற கதையை இன்று ஒரு மீன் செதிலில் இருந்து தொடங்குகிறேன்.

இரணைமடுவில் பிடித்த திலாப்பியாவைச் சுரண்டிக் கழுவும்போது வழித்து எறிகிறோமே செதில், அதில் தோல் கலங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். திலாப்பியாவின் குடும்பமான சிக்லிட் மீன்களில் ஆய்வாளர்கள் செய்து பார்த்த வேலை இது: உயிர்மீனின் செதில் ஒன்றைப் பிடுங்கி, சத்துத் திரவம் விட்ட கண்ணாடியில் சில மணித்தியாலம் வைத்தால், அந்தக் கலங்கள் செதிலை விட்டு இறங்கி ஊரத் தொடங்கும். பிறை வடிவம், முன்பக்கம் அகலமாய், மிக மெல்லிதாய் விரிந்திருக்கும். நிமிடத்துக்கு 10 மைக்கிரோமீற்றருக்கு மேல் போகும், அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பைக் கடக்கப் பத்து நிமிடம் போதும். காலும் இல்லை, தசையும் இல்லை. மீனுக்குக் காயம் பட்டால் ஓடிப்போய் மூடுகிறவை இவைதான்.

சரி, எதை வைத்து நகர்கின்றன? அக்ரின் என்ற புரதத்தை வைத்து. ஹங்கேரியில் 1942இல் புரூனோ ஸ்ட்ரவுப் அதைத் தசையில் இருந்து பிரித்தெடுத்தார். தனித்தனி மணிகளாக இருக்கும், கோர்த்துக்கொண்டால் 7 நனோமீற்றர் தடிப்பில் இழையாகும். ஆனால் அந்த இழை எங்கே முளைக்கவேண்டும், எங்கே நிற்கவேண்டும், எப்போது உடையவேண்டும் என்பதெல்லாம் அதைப் பிடித்து வேலை வாங்குகிற பிணைப்புப் புரதங்களின் கையில்தான் இருக்கிறது.

இடம்பெயர்ந்த நாட்களில் அப்பா ஒவ்வொரு இடத்திலும் கொட்டிலைப் பிரித்து, தடியையும் தறப்பாளையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவார். புதுத்தடி வெட்ட நேரம் இருக்காது, பழையதைக் கழற்றினால்தான் அடுத்த இடத்தில் கொட்டில். கலமும் அப்படியேதான் செய்கிறது. முன்விளிம்பில் ஆர்ப்2/3 என்ற புரதத்தொகுதி பழைய இழையின் பக்கத்தில் குந்தி, ஏறத்தாழ 70 பாகையில் புதுக்கிளை ஒன்றை விடும். கிளைகள் நீண்டு நீண்டு மென்சவ்வை முன்னால் தள்ளும். தேவையில்லாமல் நீளுகிற நுனிக்கு ஒரு மூடிப் புரதம் தொப்பி போட்டுவிடும். ஃபிலமின் என்ற புரதம் இழைகளைக் குறுக்கே கட்டும், கயிறு மாதிரி. பின்னால் மயோசின் என்ற இழுவைப் புரதம் இழுக்கும். கொஃபிலின் என்ற புரதம் பழைய இழைகளை முறிக்கும், அப்படி உதிர்ந்த மணிகளைப் புரொஃபிலின் என்ற இன்னொரு புரதம் தாங்கித் திரும்பவும் கட்டுவதற்குத் தயாராக்கும்.

முறிக்கிறவனை வேலைக்காரன் என்று ஒருவரும் எண்ணுவதில்லை. எனக்குப் பிடித்ததே அவன்தான். ஏன் என்று ஒரு பரிசோதனை காட்டும். லிஸ்ற்றீரியா என்ற பற்றீரியா, தான் புகுந்த கலத்தின் அக்ரினைக்கொண்டே பின்னால் ஒரு வால் கட்டி, அது தள்ளத் தள்ள ஓடித் திரியும். 1999இல் பிரான்சில் மரி பிரான்ஸ் கார்லியேயின் குழு, கலமே இல்லாமல், சுத்திகரித்த சில புரதங்களை மட்டும் கலந்து அதே ஓட்டத்தைக் காட்டியது. அக்ரினும் ஆர்ப்2/3உம் இருந்தால் போதாது. மூடிப் புரதமும் வேண்டும், முறிக்கிற கொஃபிலினும் வேண்டும். கழற்ற ஆளில்லாவிட்டால் கையிருப்பு மணிகள் எல்லாம் பழைய இழைகளில் முடங்கிவிடும், முன்னால் கட்ட ஒன்றும் மிஞ்சாது.

இதை வகுப்பில் சொன்னபோது பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று கேட்டாள்: "ரீச்சர், எது பழைய தடி என்று கொஃபிலினுக்கு எப்படித் தெரியும்?"

அருமையான கேள்வி. ஒவ்வொரு அக்ரின் மணியும் இழையில் சேரும்போது ஏரீபீ (ATP) என்ற சக்தி மூலக்கூறு ஒன்றைச் சுமந்துகொண்டு வரும். சேர்ந்து கொஞ்ச நேரத்தில் அது ஒரு பொசுபேற்றை இழந்து ஏடீபீ (ADP) ஆகிவிடும். கொஃபிலின் ஏடீபீ உள்ள மணிகளைத்தான் இறுக்கிப் பிடிக்கும், இப்போதுதான் கட்டிய இழையில் கை வைக்காது. மணி உதிர்ந்த பிறகு, புரொஃபிலினின் உதவியோடு ஏடீபீயை விட்டுப் புது ஏரீபீ ஒன்றை ஏற்றிக்கொண்டு திரும்பவும் முன்வரிசைக்குப் போகும்.